கப்பர்மைன் ஆற்றங்கரையில் செம்பு இருந்தும் சுரங்கம் ஏன் இல்லை?

வட கனடாவின் கப்பர்மைன் ஆற்றுப் பகுதியில் செம்பு தேடும் சிறு நிறுவனம் ஒன்றின் அறிவிப்பை நண்பர் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நிலத்தில் இட்ட ஒரு துளையில் “10 மீட்டருக்கு 2 விழுக்காடு செம்பு” கிடைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. செம்பு இருப்பது 250 ஆண்டுகளாகத் தெரிந்த இடத்தில் இன்றுவரை சுரங்கம் இல்லாதது ஏன், தேடுகிறோம் என்பவர்கள் அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கு வாங்கலாமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது என் துறையன்று. நிலவியல் படித்து, இளமையில் இரண்டு கோடைகாலங்கள் கனடாவின் வடபகுதியில் நிலத்தைத் துளைத்து எடுத்த பாறைத்தண்டுகளைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் இருந்து, பிறகு சிங்கப்பூரில் ரயில் சுரங்கப்பாதைகளுக்கான நிலத்தடி ஆய்விலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், பாறை சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பியர் அங்கே போவதற்கு நெடுங்காலம் முன்பே, வட கனடாவின் பழங்குடிகளான இனுவிட் மக்களும் தெனே மக்களும் அந்த ஆற்றுப் பகுதியில் தரைமேல் கிடந்த செம்புக் கட்டிகளைப் பொறுக்கி, உலையில் உருக்காமல் தட்டியே கத்தியும் அம்புமுனையும் செய்துவந்தார்கள். ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்த ஆங்கிலேயரின் வணிகக் கோட்டைக்கு அந்தக் கட்டிகளில் சில வந்து சேர்ந்தன. கப்பலின் அடிப்பாரத்துக்குக் கல்லுக்குப் பதில் செம்பையே ஏற்றிவிடலாம் என்னும் அளவுக்குப் பேச்சும் கூடவே வந்தது. அதை நேரில் பார்த்துவர ஹட்சன்ஸ் பே நிறுவனம் சாமுவேல் ஹெர்ன் என்பவரை அனுப்பியது. முதல் இரண்டு முயற்சிகளும் தோற்றபின், 1770 டிசம்பரில் மட்டோனாபி என்ற தெனேத் தலைவரின் வழிகாட்டலில் புறப்பட்ட ஹெர்ன், 1771 ஜூலையில் அந்த ஆற்றையும் அது கலக்கும் ஆர்க்டிக் கடலையும் அடைந்தார். செம்பு மலை என்று சொல்லப்பட்ட இடத்தில் அவரும் உடன் வந்தவர்களும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தேடினார்கள். சொல்லத்தக்க அளவில் கிடைத்தது ஒரே ஒரு கட்டி. அதன் எடை நான்கு பவுண்டுக்குச் சற்று மேல். அந்த நிலத்தில் எடுக்கப்பட்ட முதல் நேர்மையான அளவீடு என்று அந்த நான்கு மணி நேரத்தைச் சொல்வேன். செம்பு இருந்தது, அதுவும் தூய செம்பாகவே இருந்தது. ஆனால் அது சிதறிக் கிடந்தது.

செம்பு இருப்பது வேறு, செம்புப் படிவு இருப்பது வேறு. பூமியின் மேலோட்டை முழுவதும் கலந்து பார்த்தால் ஒரு டன் பாறையில் சுமார் 60 கிராம் செம்பு இருக்கும். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் கருங்கல்லிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒரு டன்னில் 5 கிலோ, அதாவது அரை விழுக்காடு, என்ற நிலைக்கு வர இயற்கை அதை ஏறத்தாழ எண்பது மடங்கு செறிவாக்கியிருக்க வேண்டும். அந்தச் செறிவு ஒரு கைப்பிடிக் கல்லில் நிகழ்ந்தால் போதாது. மில்லியன் கணக்கான டன் பாறையில், அகழ்ந்தெடுக்கக்கூடிய வடிவில், தொடர்ச்சியாக நிகழ்ந்திருக்க வேண்டும்.

கப்பர்மைன் பகுதியின் அடித்தளம் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்த பசால்ட் பாறை. ஏறத்தாழ 127 கோடி ஆண்டுகளுக்கு முன், வட கனடாவின் பெரும்பகுதியைப் பிளந்துகொண்டு வந்த குழம்பின் மேற்பரப்புப் பகுதி அது. பசால்ட்டில் இயல்பாகவே செம்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். குழம்பு உறையும்போது வாயு வெளியேறிய குமிழிகள் ஒவ்வோர் அடுக்கின் மேல்புறத்திலும் துளைகளாக நிற்கும். பிற்காலத்தில் ஆழத்திலிருந்து வந்த சூடான உப்புநீர் வழியில் செம்பைக் கரைத்துக்கொண்டு வந்து அந்தத் துளைகளிலும் பிளவுகளிலும் படியவிட்டது. கந்தகம் இல்லாத இடத்தில் தூய செம்பாகவும், கந்தகம் கிடைத்த இடத்தில் கால்கோசைட் என்ற கருஞ்சாம்பல் நிறக் கனிமமாகவும் அது படிந்தது. கால்கோசைட்டின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பு என்பதால், அதன் ஒரு நரம்பு கைக்குக் கிடைத்தால் எவருக்கும் மனம் துள்ளும்.

இதே வகைப் பாறை, இதே வகைச் செம்பு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள கீவீனா தீபகற்பத்திலும் உண்டு. அங்கே 1840-களில் தொடங்கி 1968 வரை சுரங்கத் தொழில் நடந்தது. ஐந்து மில்லியன் டன் அளவுக்குச் செம்பு எடுத்தார்கள். வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள். கீவீனாவில் செம்பு சில குறிப்பிட்ட அடுக்குகளில் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ச்சியாகப் படிந்திருந்தது. கப்பர்மைனில் இதுவரை கண்டவை பெரும்பாலும் பிளவுகளை ஒட்டிய துண்டுகள். மற்றொன்று ஏரி. 1855-இல் சூ கால்வாய் திறந்ததும் கீவீனாவின் செம்பு கப்பலிலேயே தொழில் நகரங்களுக்குப் போனது.

1960-களின் பிற்பகுதியில் கப்பர்மைனில் ஒரு பெரும் தேடல் அலை எழுந்தது. விமானங்களில் வந்து இறங்கி ஆயிரக்கணக்கான நிலக்கூறுகளுக்கு உரிமை பதிந்தார்கள். அந்த அலை விட்டுச்சென்றவற்றில் நன்கறியப்பட்டது ‘47 மண்டலம்’ எனப்படும் படிவு. சுமார் 4 மில்லியன் டன் பாறை, 3 விழுக்காட்டை ஒட்டிய தரம் (அதாவது பாறையில் செம்பின் பங்கு) என்று மதிப்பிடப்பட்டது. தரம் மிக நல்லது. பெருக்கிப் பாருங்கள்: மொத்தச் செம்பு சுமார் 120,000 டன். உலகச் சுரங்கங்கள் இன்று ஆண்டுக்கு 23 மில்லியன் டன் அளவுக்குச் செம்பு தருகின்றன. அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ இரண்டு நாள் உற்பத்தி. இதற்காக ஆலை, மின்நிலையம், துறைமுகம், சாலை அனைத்தையும் புதிதாகக் கட்ட எவரும் முன்வரவில்லை.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்தத் தொலைவு எளிதில் மனத்தில் பதியாது என்று நினைக்கிறேன். இங்கே தீவின் எந்த மூலையில் நின்றாலும் லாரியில் ஒரு மணி நேரத்துக்குள் துறைமுகம் வந்துவிடும். கப்பர்மைன் ஆற்று முகத்திலுள்ள ஊரான குக்லுக்டுக்குக்கு வெளியிலிருந்து சாலையே இல்லை. தெற்கிலுள்ள யெல்லோநைஃப் நகரம் விமானத்தில் சுமார் 600 கிலோமீட்டர். கடல் இருக்கிறது, ஆனால் சரக்குக் கப்பல் வந்துபோகக் கோடையின் கடைசியில் சில வாரங்களே கிடைக்கும். ஒரு பீப்பாய் டீசல்கூட முந்தைய ஆண்டே திட்டமிட்டால்தான் முகாமுக்கு வந்து சேரும்.

ஏறக்குறைய இதே அகலாங்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, சுவீடனின் ஆய்ட்டிக் சுரங்கம் இருக்கிறது. 1968 முதல் இயங்கும் அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தின் தாதுத் தரம் சுமார் கால் விழுக்காடுதான். ‘47 மண்டல’த்தின் தரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் பக்கத்து ஊரான யெல்லிவாரேவுக்கு 1888-லேயே இரும்புத் தாதுவுக்காக ரயில் வந்துவிட்டது. அருகிலுள்ள ஆற்றின் நீர்மின்சாரம் இருக்கிறது. ரயில் சென்றடையும் தொலைவில் 1930 முதல் இயங்கும் உருக்காலை இருக்கிறது. படிவும் மாபெரும் படிவு. 3 விழுக்காடு மண்ணுக்குள்ளேயே இருக்க, கால் விழுக்காடு சுரங்கமாவது இதனால்தான். 

தொலைவையும் மீறிச் சுரங்கமான வடபுலப் படிவுகளும் உண்டு. அவற்றின் வரலாறு பொறுமையைக் கற்றுத்தரும். அலாஸ்காவின் கென்னிகாட்டில் 1900-இல் இருவர் கண்ட தாதுவின் சில பகுதிகளில் 70 விழுக்காடு வரை செம்பு இருந்தது. அத்தகைய தரமே 196 மைல் ரயில்பாதையைத் தாங்கியது. 1911-இல் பாதை முடிந்தது, 1938-இல் தாது தீர்ந்து ஊரே காலியானது. கிழக்குச் சைபீரியாவின் உடோக்கான் படிவை 1949-இல் எலிசவெத்தா புரோவா என்ற நிலவியலாளர் கண்டறிந்தார். அங்கே 26 மில்லியன் டன் அளவுக்குச் செம்பு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பைக்கால்–ஆமூர் ரயில்பாதை அந்தப் பக்கம் வந்த பிறகும் உறைநிலம், நிலநடுக்கம், எளிதில் பிரியாத தாது எனத் தடைகள் தொடர்ந்தன. உற்பத்தி தொடங்கியது 2023-இல்; இடையே 74 ஆண்டுகள்.

இனி, தேடுவது என்றால் என்ன என்ற கேள்வி. வடக்கில் தேடுபவரின் முதல் எதிரி குளிரன்று, பழைய பனி. வட கனடாவையும் ஸ்காண்டினேவியாவையும் கிலோமீட்டர் கணக்கான தடிப்பில் மூடியிருந்த பனிப்பாளம் நகர்ந்து நகர்ந்து அடிப்பாறையைச் சுரண்டி, அந்தத் தூளையும் கல்லையும் நெடுந்தொலைவு இழுத்துச்சென்று பரப்பிவிட்டுத்தான் உருகியது. ஆகவே செம்புள்ள கல் ஒன்று காலடியில் கிடந்தால் அதன் தாய்ப்பாறை அங்கே இருக்கிறது என்று பொருளாகாது. ஆனால் பனி இழுத்த திசையைப் பாறைமேல் கீறல்களாக எழுதிவைத்திருக்கிறது. கீறலைப் படிக்கத் தெரிந்தவர் பனி வந்த வழியே பின்னோக்கி நடக்கலாம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு பின்லாந்தின் ஔட்டோகும்பு. 1908-இல் கிவிசால்மி என்ற நீரிணையில் கால்வாய் தோண்டும்போது செம்பு நிறைந்த பாறாங்கல் ஒன்று அகப்பட்டது. ஒட்டோ திரூஸ்டெட் என்ற சுரங்கப் பொறியாளர் அந்தக் கல்லோடு ஒட்டியிருந்த மற்றப் பாறை வகைகளையும் பனியின் திசையையும் வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று தேடினார். 1910-இல், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, துளையிட்ட இடத்தில் தாது கிடைத்தது. அந்தச் சுரங்கம் 1989 வரை இயங்கியது. ஒரே ஒரு கல்லை ஒழுங்காகப் படித்ததன் பயன் அது. பின்னாளில், 1960-களில், மண்ணுக்குள் புதைந்த கந்தகக் கனிமக் கற்களை மோப்பம் பிடிக்க நாய்களையும் பின்லாந்து நிலவியலாளர்கள் பழக்கினார்கள்.

இன்று அதே வேலையைப் பனி பரப்பிய மண்ணை ஒழுங்கான இடைவெளியில் அள்ளி, அதிலுள்ள செம்பைப் பகுத்தறிந்து செய்கிறார்கள். வரைபடத்தில் குறித்தால், தாய்ப்பாறையிலிருந்து பனி சென்ற திசையில் புகைபோல் விரியும் ஒரு கீற்று தெரியும். அதன் கூர்முனையை நோக்கிப் போக வேண்டும். கூடவே விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ கருவிகளைக் கட்டிக் கோடு கோடாகப் பறந்து, பாறையின் காந்தப் பண்பையும் மின்கடத்தும் திறனையும் அளப்பார்கள். பசால்ட்டில் காந்தக் கனிமம் அதிகம். சூடான நீர் ஓடிய பிளவுகளில் அது பல இடங்களில் அழிந்துபோயிருக்கும் என்பதால், காந்தப் படத்தில் அவை மங்கிய கோடுகளாகத் தெரியும். வடதுருவ ஒளி ஆடும் நாள்களில் பூமியின் காந்தப்புலமே தடுமாறும். தரையில் நிற்கும் ஒப்பீட்டுக் கருவி அதைக் காட்டினால் அன்றைய பறப்பை நிறுத்திவிட வேண்டும். தெளிந்த வானத்தின்கீழ் ஹெலிகாப்டர் சும்மா நிற்பதைப் பார்த்து, புதிதாக வந்த நான் வியந்தது இன்னும் நினைவிருக்கிறது.

தரையில் மின்சாரம் செலுத்தி அளக்கும் முறைகளும் உண்டு. உறைந்த நிலம் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது என்பதால் அங்கே அவை பெரும்பாடு. இத்தனைக்கும் பிறகு வருவதுதான் துளை. வைரம் பதித்த முனைகொண்ட குழாய் சுழன்று இறங்க, நடுவே நிற்கும் பாறைத்தண்டை மேலே எடுப்பார்கள். வழக்கமான அளவில் அதன் குறுக்களவு 47.6 மில்லிமீட்டர். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்வரை நிலம் உறைந்திருக்கும் இடங்களில், துளைக்குள் விடும் நீரைச் சூடாக்கி, கால்சியம் குளோரைடு உப்பும் கலக்க வேண்டும். பழுது பார்க்கச் சற்று அதிக நேரம் நின்றுவிட்டால் குழாய் துளைக்குள்ளேயே உறைந்துவிடும். எடுத்த தண்டை நீளவாட்டில் அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

அந்த மறு பாதியைப் பற்றி நம் வட்டாரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில், பூசாங் என்ற இடத்தில், பிரி-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம் மாபெரும் தங்கப் படிவு கண்டதாகச் சொன்னது. அங்கே தண்டைப் பாதியாக அறுத்து வைக்காமல் பெரும்பாலும் முழுவதையும் பொடியாக்கினார்கள்; பொடியில் வெளித்தங்கம் கலக்கப்பட்டிருந்தது. 1997-இல் உண்மை வெளிப்பட்டபோது, சரிபார்க்கப் பாறையே மிஞ்சவில்லை. கனடா 2001-இல் சுரங்கத் தகவல் வெளியீட்டுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்ததற்கு அந்த மோசடியே முதன்மைக் காரணம். தகுதிபெற்ற ஒருவர் தம் பெயரில் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும். உங்கள் அறிவிப்பில் அப்படி ஒருவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து அந்த “10 மீட்டருக்கு 2 விழுக்காடு”. முழுப் 10 மீட்டரிலும் சீராக 2 விழுக்காடு இருக்கலாம். 2 மீட்டரில் 9 விழுக்காடும் எஞ்சிய 8 மீட்டரில் கால் விழுக்காடும் இருந்தாலும் சராசரி அதே 2 தான். முன்னதில் அகலமான படிவு ஒன்று இருக்கக்கூடும். பின்னது ஒரு நரம்பும் வெற்றுப் பாறையும். ஒழுங்கான அறிவிப்பு, “அதில் இத்தனை மீட்டருக்கு இவ்வளவு” என்று உள்விவரத்தையும் தரும். துளையின் கோணமும் முக்கியம். செங்குத்தாக நிற்கும் ஒரு நரம்பை 15 பாகைக் கோணத்தில் துளை வெட்டிச்சென்றால், 10 மீட்டர் என்று பதிவாகும் நீளத்தின் உண்மை அகலம் 2.6 மீட்டர்தான். ஆகவே “உண்மை அகலம்” என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றால் குறுக்குவெட்டுப் படத்தையாவது தேடுங்கள். இரண்டும் இல்லாத அறிவிப்பை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கப்பர்மைன் வகைப் பாறைக்கே உரிய இன்னொரு சிக்கல், தூய செம்பு உலோகமாகவே இருப்பது. ஆய்வகத்தில் பாறையைப் பொடியாக்கும்போது கனிமங்கள் தூளாகும். செம்போ தட்டையாகி, சல்லடையில் தங்கிவிடும். சல்லடைமேல் நின்ற உலோகத்தைத் தனியே அளந்து சேர்க்காவிட்டால் முடிவு பிழையாகும். சுண்டுவிரல் அளவுக் கட்டி ஒன்று தற்செயலாகத் தண்டில் அகப்பட்டால் அந்த மீட்டரின் தரம் வானளவு உயரும். ஒரு சாண் தள்ளித் துளையிட்டிருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. இதை நம் ஊர் அனுபவத்திலேயே சொல்லலாம். புக்கிட் தீமாக் கருங்கல் பகுதியில் சிதைந்த மண்ணுக்குள் பெரும் பாறாங்கற்கள் ஆங்காங்கே மிதப்பதுபோல் நிற்கும். ஒரு துளை கல்லைத் தொட்டதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று எழுதியவர்கள், சில மீட்டர் தள்ளிய அடுத்த துளையில் அதே ஆழத்தில் களிமண்ணைக் கண்டு திகைத்ததுண்டு. ஒரு துளை ஒரு புள்ளிதான். அதைச் சுற்றி வேறு துளைகள் வந்து ஒத்துப்போன பிறகே அதற்குப் பரப்பு உண்டாகிறது.

நிலம் யாருடையது என்பதையும் தேடலிலிருந்து பிரிக்க முடியாது. கப்பர்மைன் ஆற்று முகம் அடங்கிய நூனவுட் ஆட்சிப்பகுதிக்காக 1993-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சுமார் 356,000 சதுர கிலோமீட்டர் நிலம் இனுவிட் மக்களின் உடைமை. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் நிலத்தடிக் கனிம உரிமையும் அவர்களுடையதே. முகாம் போடவும் துளையிடவும் அவர்களிடம் இசைவு பெற வேண்டும். அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் காரிபு மான்களைப் பற்றியதாகவே இருக்கும். அப்பகுதிக்குக் கிழக்கே கன்று ஈனும் பாத்தர்ஸ்ட் மந்தையில் 1986-இல் சுமார் 470,000 மான்கள் இருந்தன. 2018-இல் சுமார் 8,200. காரணம் ஒன்றன்று, ஆனால் கன்று ஈனும் நிலத்தருகே ஹெலிகாப்டரும் சாலையும் வேண்டாம் என்று சொல்பவர்களின் அச்சம் முற்றிலும் நியாயமானது. அலாஸ்காவின் ஆம்ப்ளர் செம்புப் பகுதிக்கான 211 மைல் சாலைக்கு அமெரிக்க அரசு 2020-இல் இசைவு தந்து, 2024-இல் மறுத்து, 2025-இல் மறுபடி இசைவு தந்தது. பாறை மாறவில்லை, அதை அடையும் வழிதான் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது.

இவ்வளவும் சொன்னது கப்பர்மைனில் ஒன்றும் கிடைக்காது என்பதற்காக அன்று. பசால்ட் அடுக்குகளின் மேலே பிற்காலத்து மணற்கற்களும் களிப்பாறைகளும் படிந்திருக்கின்றன. பசால்ட்டிலிருந்து செம்பைக் கரைத்துக்கொண்டு மேலேறிய நீர், கந்தகமும் கரிமமும் உள்ள களிப்பாறையைச் சந்தித்த இடத்தில் செம்பைப் பாய்விரித்ததுபோல் படியவிட்டிருக்கக்கூடும். உடோக்கானும், போலந்தின் செம்புக் களிப்பாறையும், மத்திய ஆப்பிரிக்காவின் செம்புப் பட்டையும் படிவுப்பாறையில் உருவான இந்த வகைப் படிவுகளே. பிளவில் கிடைக்கும் 10 மீட்டரைவிட, இத்தகைய படிவுப்பாறையில் 3 மீட்டர் தடிப்பில் ஒரு விழுக்காடு செம்பு, ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர் தள்ளிய மூன்று துளைகளில், ஒரே அடுக்கில் வந்தால் என் கண் அதன்மேல்தான் நிற்கும். உங்கள் நண்பர் அனுப்பிய அறிவிப்பில் அந்தத் துளை எந்தப் பாறையில் போடப்பட்டது என்று பாருங்கள். அதன் அருகே வேறு துளைகள் உண்டா, அவற்றில் என்ன வந்தது என்பதையும் தேடிப் பாருங்கள். வெறுமையாக வந்த துளைகளையும் சேர்த்துப் பட்டியலிட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் அடுத்த அறிவிப்பையும் நான் படிப்பேன்.